திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

ஐந்தரை மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது, இப்போது ஆறு பத்து, சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை, நாற்பத்திரண்டு பிள்ளைகள் மேடை விளக்கின் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வயலினும் அதனதன் போக்கில் சுருதி இறங்கிக்கொண்டிருக்கிறது, இதைக் கேட்க இந்த மண்டபத்தில் ஒரு நாதி இல்லை என்று நினைத்தபோது ராஜாசிங்கின் கை தன்னை அறியாமல் வயோலாவின் கழுத்தை இறுக்கியது. ஐம்பத்து மூன்று வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. வயலின் என்றால் வரிசையில் நிற்கிறார்கள், அதைவிடக் கொஞ்சம் பெரிதான, தொண்டை கட்டினதுபோல் பேசும் இந்த வயோலாவைக் கையில் எடுக்க ஒருவனும் வருவதில்லை, அதனால் தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரான அவரே ஒரு நாற்காலியை நிரப்ப வேண்டும். செயலாளர் தவமணி, பல் டாக்டர், மேடை ஓரத்தில் தொங்குதிரையை விலக்கித் தலையை நீட்டி, "நாங்குநேரி டோல்கேட் தாண்டியாச்சாம் சார்" என்றார். நாற்பது நிமிடமாக விருந்தினர் அதே டோல்கேட்டைத்தான் தாண்டிக்கொண்டிருக்கிறார். பல் பிடுங்கும்போதும் தவமணி இப்படித்தான் சொல்வார், அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சிட்டு. ராஜாசிங்கின் மடியில் நான்கு தாள்கள் கிடந்தன, தென்பொருநை இளையோர் இசைக்குழுவின் வரலாறும் செயல்பாடுகளும், அவரே எழுதியது, விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றியதும் அவரே ஒலிபெருக்கி முன் நின்று வாசிக்க வேண்டியது. அவரே எழுதியது என்று சொல்லவும் முடியாது. ஆரம்ப காலத்தில் நாற்காலிகள் அப்பாக்களின் பதவியைப் பார்த்துப் போடப்பட்டன என்று அவர் எழுதியிருந்தார். தவமணி அதைத் திருத்தி, ஆரம்ப காலத்தில் இருக்கைகள் எளிய முறையில் ஒதுக்கப்பட்டன என்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். எளிய முறை. எளிய முறைதான், அப்பா கார் வைத்திருந்தால் முதல் வரிசை, சைக்கிள் வைத்திருந்தால் கடைசி வரிசை, இதைவிட எளிய முறை உலகத்தில் உண்டா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் ஒன்பது பிள்ளைகள், நான்கு வயலின், ஒரு ஆர்மோனியம், பள்ளிக்கூடத்து வரைபட அறையில் ஹெப்சிபா டீச்சர் ஆரம்பித்தது. அந்த ஒன்பதில் ஒருவன் ராஜாசிங், பதினேழு வயது, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் எடைத்தராசு பழுது பார்ப்பவர் மகன். இசைத்தாளை வைத்துப் பார்க்க இரண்டு பேருக்கு ஒரு தாள்தாங்கி. சபைப் பக்கம் உட்காருகிறவன் வெளி நாற்காலி, மறுபக்கம் உள் நாற்காலி, தாள் முடியும் இடத்தில் உள் நாற்காலிக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழும்பிப் பக்கத்தைப் புரட்ட வேண்டும், வெளி நாற்காலிக்காரன் நிறுத்தாமல் வாசிப்பான். உலகம் முழுக்க அப்படித்தான், அதில் தப்பில்லை. ஆனால் மூன்று வருடம் ராஜாசிங்தான் உள்ளே, கல்லூரி முதல்வரின் மகன்தான் வெளியே, அந்தப் பையனுக்கு நான்காம் விரல் எங்கே வைப்பது என்றே தெரியாது. அவர்கள் எல்லா இடத்திலும் வாசித்த ஒரு உருப்படி இருந்தது, அதன் உச்சம் சரியாகத் தாள் முடிகிற இடத்தில் வரும், எட்டுத் தாள அளவு, எல்லா வில்லும் ஒன்றாக மேலே ஏறும் இடம். வீட்டில் அந்த எட்டு அளவையும் ஆயிரம் தடவை வாசித்திருக்கிறான். மேடையில் ஒரு தடவைகூட இல்லை. தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா ஒரே ஒரு முறை கேட்க வந்தார், போகும்போது, "நல்லாத்தான் இருந்து, நீ எதுக்குல நடுவுல நடுவுல எந்திச்ச?" என்றார். இதை வரலாற்றில் எழுத முடியுமா. முப்பத்தாறு வருடம் கழித்தும் நெஞ்சு எரிகிறதே, இது வரலாறு இல்லாமல் வேறு என்ன. சனிக்கிழமை வகுப்புகள் ஐந்து ஊர்களில் நடைபெறுகின்றன, மே மாத முகாம், ஈஸ்டர் நிகழ்ச்சி, சந்தைத் திடல்களில் ஞாயிறு வாசிப்பு, வெள்ளத்தில் இரண்டு செல்லோக்கள் மிதந்துபோன பின்பும் குழு தளரவில்லை, இதெல்லாம் வரலாறு. செல்லோ மிதந்தது எழுதலாம், மனிதன் மூழ்கியது எழுதக் கூடாது.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் திரை. தொண்ணூற்றாறில் ஹெப்சிபா டீச்சரிடம் சண்டை போட்டு அவர் கொண்டுவந்தது. வருடத்துக்கு ஒரு முறை தேர்வு, பழைய பிள்ளைகள் புதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில், பெயர் கிடையாது, வெறும் எண், மூன்று நடுவர்கள் இந்தப் பக்கம், வாசிக்கிறவன் அந்தப் பக்கம், நடுவில் பள்ளி நாடகத்துக்கு வைத்திருந்த அரண்மனைத் தூண் வரைந்த பச்சைத் திரை. முதல் வருடமே கோட்டை விட்டார்கள். திரைக்குப் பின்னால் டக் டக்கென்று தோல் ஷூ நடந்து வந்தால் இன்ன பள்ளிக்கூடம், சர்ரக் சர்ரக்கென்று ரப்பர் செருப்பு வந்தால் இன்ன ஊர், நடுவர்களுக்குக் கண் எதற்கு. அடுத்த வருடத்திலிருந்து எல்லோரும் வெறுங்காலோடு வர வேண்டும் என்று விதி போட்டார் ராஜாசிங். கொலுசு போட்ட பிள்ளைகள் கழற்றிவிட வேண்டும். பேசக் கூடாது, இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வர வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, உங்க ஊர்ல இவ்வளவு நேர்மையா என்றார், அந்த வார்த்தையை எத்தனை வருடம் நாக்குக்கு அடியில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று எவருக்கும் தெரியாது, இதோ மூன்றாம் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார், இதைத் தவமணி திருத்தவில்லை. இந்த ஒரு வரியைத்தான் திருத்தியிருக்க வேண்டும். ஆறு வாரமாக இந்த வரி வரும்போதெல்லாம் அவசரமாகத் தாளைப் புரட்டிவிடுகிறார்.

எதிர்ப்பக்கம் முதல் வரிசையில் ரெக்சலின் உட்கார்ந்திருந்தாள், உள் நாற்காலியில். அவர் மனைவியின் தம்பி மகள். அவளுக்குப் பக்கத்தில் முதல் நாற்காலியில் ஆரோன், அவன் அப்பா சபையில் இரண்டாம் வரிசையிலிருந்து எழும்பி எழும்பிக் கைப்பேசியில் படம் எடுக்கிறார், உட்காருமய்யா, உம்ம மகன் எங்கேயும் ஓடிவிட மாட்டான். முதல் நாற்காலிக்காரனுக்குத்தான் இந்த வருடம் புனே முகாம், ஒரு மாதம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் நேரடியாகப் படிக்கலாம், விருந்தினர் இன்று அதைத்தான் அறிவிக்கப் போகிறார். ரெக்சலின் போயிருக்க வேண்டியது. ரெக்சலின் போகாததற்கு ஒரு காரணம்தான், அந்தக் காரணம் இங்கே வயோலாவின் கழுத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு கமிட்டிக் கூட்டத்தில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள், இந்த வருஷம் முதல் சேர் யாருக்குன்னு மாமாவக் கேட்டாத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டில் உட்கார்ந்து, படுக்கையிலும் கூடவே படுத்தது. நான் நடுவராக இருக்க மாட்டேன் என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. திரை இருக்கிறதே என்று நினைத்தாராம். பொய். நான் இல்லாமல் இங்கே எவனுக்குக் காது இருக்கிறது என்று நினைத்தார், அதுதான் உண்மை. தேர்வன்று ஏழாம் எண் வந்தது. வெறுங்கால், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, வாசிக்கும் முன்னால், நடுத்தந்திகள் இரண்டையும் கட்டைவிரலால் மெல்லத் தட்டிப் பார்க்கும் ஒலி, ஒரு முறை, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒரு முறை. ரெக்சலின் அப்படித்தான் செய்வாள், ஏழு வயதிலிருந்து, அவர் வீட்டுக் கூடத்தில், அவர் கண் முன்னால். ஏழாம் எண் வாசித்தது சுமார்தான், வேகமான இடத்தில் வில் துள்ளியது, பயந்துவிட்டாள் கழுதை என்று நினைத்தார், ஆனால் மெதுவான பகுதியில் ஒரு இடம், ஒரே ஒரு இடம், அந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மனமில்லாததுபோல் விட்டது, அதற்கே எழுபது போட வேண்டும். பேனா எழுபதில் நின்றது. அப்புறம் மாமாவக் கேட்டாத் தெரியும் என்ற குரல் வந்தது. ஐம்பத்தெட்டு என்று போட்டார். போட்டபோது என்ன நிம்மதி. என்ன ஒரு சுத்தமான மனிதன். வேறு எவனாவது தன் வீட்டுப் பிள்ளைக்கு இப்படிப் போடுவானா என்று அந்த எண்ணைப் பார்த்துத் தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டாரே, அதை நினைத்தால்தான் இப்போது செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஐம்பத்தெட்டுக்குப் பிறகும் அவளுக்கு இரண்டாம் நாற்காலி எப்படி வந்தது என்று அவ்வப்போது ஒரு யோசனை இடறும், மற்ற இருவரும் அள்ளிப் போட்டிருக்க வேண்டும் என்று அதைத் தாண்டிப் போய்விடுவார். அன்றைக்குப் பதினொன்றாம் எண் வந்து அவரை வாயடைக்க வைத்தது, அதற்கு எண்பத்து நான்கு கொடுத்தார், சந்தேகமே இல்லாமல் ஆரோன்தான், பையன் முன்னேறிவிட்டான் என்று மனம் விட்டுக் கொடுத்தார். அந்நியனுக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம்.

ஆறு இருபது. மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை வயலினை மடியில் சாய்த்துத் தூங்கி விழுந்தது. இன்னும் அறிவிப்பு வரவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது, அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த அதே நொடியில் அவர் எழுந்துவிட்டிருந்தார், வயோலாவை நாற்காலியில் வைத்துவிட்டு, தாள்தாங்கிகளுக்கு இடையே நுழைந்து, ஆரோனின் காலை மிதித்து, ரெக்சலின் பக்கம் குனிந்தார். ஆரோன் நெளிந்து, "சார், பாத்ரூம் போயிட்டு வரவா?" என்றான். "போ, ஓடிப்போயிட்டு வா." அவன் போனதும் அந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தார், முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, அதைக் கவனிக்கக்கூட நேரமில்லை. "ஏட்டி, மாமா ஒரு தப்புப் பண்ணிட்டேன்." அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன மாமா, வரலாற்றுப் பேப்பரத் தொலைச்சிட்டியளா?" "அதில்ல. செலக்சன்ல உனக்கு மார்க்கக் கொறைச்சிட்டேன். வேணும்னே. நீதான்னு தெரிஞ்சுபோச்சு." கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், கோபப்பட வேண்டும் என்று விரும்பினார், அவள் பாட்டுக்குச் சாதாரணமாக, "எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "தந்தியத் தட்டிப் பாப்பியே, ரெண்டு தடவை. ஏழாம் நம்பர்." "நான் ஏழு இல்ல மாமா. நான் பதினொண்ணு." அவளே, சிறு பிள்ளைக்கு விளக்குவதுபோல், "ரெண்டு தடவை தட்டுறது நான் மட்டுமா? நீங்கதானே சனிக்கிழமை கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிய. தட்டு, கேளு, மூச்சு விடு, மறுபடியும் தட்டுன்னு. மூலைக்கரைப்பட்டி சென்டர்ல வந்து பாருங்க, அம்புட்டுப் பேரும் அப்படித்தான். எங்க மாமா கம்பெனி முத்திரைம்பேன் நான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆரோன் உண்மையிலேயே நல்லா வாசிச்சான் மாமா. மூணு பேரு போட்டதையும் கூட்டினா ரெண்டு மார்க்குலதான் முந்தினான். நீங்க இதப் போயி யார்கிட்டயும் கேட்டு வச்சிராதிய."

தன் இடத்துக்குத் திரும்பி நடந்தார். அப்படியானால் ஆறு வாரமாக யாருக்காகக் கோபப்பட்டார். ஆரோன்மேல் கோபம், அவன் அப்பாவின் கைப்பேசிமேல் கோபம், தவமணிமேல், விருந்தினர்மேல், இந்த மண்டபத்துக் காற்றாடிமேல்கூடக் கோபம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நியாயம் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார், தன் வீட்டுப் பிள்ளையைப் பலி கொடுத்த நியாயம், அதில்கூட ஒரு சொகுசு இருந்தது. தன் வீட்டுப் பிள்ளை பலியாகவில்லை. அவளுக்கு எண்பத்து நான்கு. இருபத்தெட்டு வருடமாகக் காலணியைக் கழற்றி, கொலுசைக் கழற்றி, இருமலை அடக்கி, எல்லா ஓசையையும் துடைத்துவிட்டு, கடைசியில் தானே கற்றுக்கொடுத்த ஓசையை வைத்தே ஒரு பிள்ளையின் கழுத்தைப் பிடித்திருக்கிறார். எந்தப் பிள்ளை. வரிசை வரிசையாகப் பார்த்தார், இதில் யார் ஏழு. சுமார் வில், துள்ளும் கை, விட மனமில்லாத அந்த ஒரு சுரம். இவள் இல்லை, இவனும் இல்லை, இவர்கள் வாசிப்பு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம், ஆறு வாரமாக ஒத்திகையில் கேட்டிருக்கிறார், அந்த சுரம் இந்த மேடையில் எங்கேயும் ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாரா. அப்போதுதான் அது உறைத்தது. மேடையில் இருக்கிறவர்களை மட்டும்தான் பார்க்கிறார். அன்று வந்தது அறுபத்தொரு பேர்.

தவமணி தொங்குதிரைக்குப் பின்னால் ரோஜா மாலையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "டாக்டர், ஏழாம் நம்பர் யாரு?" "எந்த ஏழு?" "செலக்சன்ல." "சார், அது ரகசியமில்லா. நீங்க போட்ட ரூல்தான." "இப்பச் சொல்லுதீரா, இல்ல நான் மேடைல போயி மைக்ல கேக்கவா?" டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், மாலையைக் கீழே வைத்தார், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியைத் தடவினார். "ஏழு... இசக்கிப்ரியா. மூலைக்கரைப்பட்டி சென்டர். அறுவத்திரண்டு, அம்பத்தொன்பது, அம்பத்தெட்டு. சராசரி அறுபது வரல, அரைக்கும் கீழதான் இடிச்சிருக்கு, பாவம். வயசு பதினாலு முடிஞ்சிட்டு, அதனால அடுத்த வருஷமும் வர முடியாது. என்ன சார், ஏதும் கம்ப்ளைண்ட் வந்திருக்கா?" பதினான்குக்கு மேல் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதும் அவர் போட்ட விதிதான். எழுபது போட்டிருந்தால் தாண்டியிருக்கும், இது கணக்குகூட இல்லை, விரல் விட்டு எண்ணினால் தெரியும். "அவ அப்பா நம்பர் இருக்கா?" "ஃபங்சன் முடியட்டுமே சார், டோல்கேட் தாண்டி..." "நம்பரக் கொடும்வே."

மணி அடித்தபோது எடுக்கக் கூடாது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது, அந்த மனத்தையும் அவருக்கு நன்றாகத் தெரியும், அதுதான் ஐம்பத்தெட்டு போட்டது. எடுத்தார்கள். முதலில் வந்தது மனிதக் குரல் இல்லை, இரும்புக் கல்லின்மேல் இரண்டு தகடுகள் மாறி மாறி இறங்கும் சத்தம், கொத்து புரோட்டா, சாயங்கால நேரத்து ஓட்டம். "சுடலைமுத்து பேசுறேன், யாரு?" சொன்னார். "ஆங், பாட்டு வாத்தியார் சாரா! சொல்லுங்க சார்." கல் தட்டுவது நிற்கவில்லை, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டிருக்க வேண்டும். "உங்க மக எப்படி இருக்கா?" "இருக்கா சார். அன்னைக்கு வந்து ரெண்டு நாள் சோறு திங்கல. அப்புறம் சரியாயிட்டா. நம்ம வாசிச்சது பத்தல, அவ்வளவுதான்னு அவளே சொல்லிட்டா." அவளே சொல்லிவிட்டாள். அந்தத் தீர்ப்பை இவர் எழுதிக் கொடுத்தார், அவள் வாங்கி மனசில் ஒட்டிக்கொண்டாள். "அது பத்தாம இல்ல. நான்தான் தப்பா மார்க் போட்டேன். எழுபது போட வேண்டியது. வேற ஒரு பிள்ளன்னு நெனச்சு, ஆளத் தெரிஞ்சுக்கிட்டதா நெனச்சு, வேணும்னே கொறைச்சேன்." கல் தட்டும் சத்தம் நின்றது. பின்னால் யாரோ, அண்ணாச்சி ஒரு முட்டைக் கொத்து என்றார்கள், பதில் போகவில்லை. ராஜாசிங் பேசிக்கொண்டே போனார், மனசு ஆறவில்லை, ஆறு வாரமாகத் தூக்கமில்லை என்று ஏதேதோ. சுடலைமுத்து இடைமறித்தார், குரலை உயர்த்தாமல். "சார். உங்களுக்கு மனசு ஆறணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. எம் பிள்ளைய அங்க அத்தன பேரு முன்னால, லிஸ்ட்ட ஒட்டிப்போட்டு, பேரு இல்லன்னு அனுப்பினிய. எங்கிட்ட எதுக்கு ரகசியமாச் சொல்லுதிய? அங்க சொல்லுங்க."

வெளியே வெடி வெடித்தது. விருந்தினர் வந்துவிட்டார். தவமணி மாலையோடு ஓடினார், பிள்ளைகள் தடதடவென்று எழுந்து நின்றார்கள், சபை எழுந்தது, குத்துவிளக்குக்கு மெழுகுவர்த்தி வந்தது, ஐந்து முகத்துக்கும் ஐந்து பேர், ஒவ்வொருவரும் புகைப்படக்காரனைப் பார்த்துக்கொண்டே திரியைத் தேடினார்கள். ராஜாசிங் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார், ஆனால் துண்டிக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும். திரையே பொய் என்பார்கள், இருபத்தெட்டு வருடத்துப் பட்டியல் எல்லாம் சந்தேகமாகும், ஆரோனின் நாற்காலிகூட அசையும், ரெக்சலினைப் பார்த்து நாளைக்குச் சிரிப்பார்கள், இவரை வெளியே போகச் சொல்வார்கள், போகத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றுமே ஆகாது. அதுதான் பயங்கரம், ஒன்றுமே ஆகாது, மூலைக்கரைப்பட்டியில் ஒரு பிள்ளை தன் வாசிப்பு பத்தாது என்று நினைத்துக்கொண்டே வளரும், நினைத்துக்கொண்டே கிழவியாகும். "இப்போது நமது குழுவின் வரலாற்றையும் செயல்பாடுகளையும் நமது மூத்த ஆசிரியர்..." என்று தவமணியின் குரல் ஒலிபெருக்கியில் இனித்தது. கால்கள் நடந்தன. வாசிப்பு மேடையில் நான்கு தாள்களை வைத்தார், அவற்றின்மேல் கைப்பேசியை, திரை மேலே தெரிய, ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்தார். முதல் வரிசையில் விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆரோனின் அப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார், எடும், நன்றாக எடும்.

"எல்லாருக்கும் வணக்கம். வரலாறு வாசிக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னால, மூலைக்கரைப்பட்டி இசக்கிப்ரியான்னு ஒரு பிள்ளைக்கு ஆறு வாரம் முந்தி நான் செஞ்ச அநியாயத்தச் சொல்லணும். அவ இந்த மேடையில இருக்க வேண்டியவ" என்றார். பக்கவாட்டில் தவமணி பாதி எழுந்தார். கைப்பேசியில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, இணைப்பு அறுபடவில்லை, அந்தப் பக்கத்தில் கல் தட்டும் சத்தம் இன்னும் தொடங்கவில்லை.